வந்து போகிறவர்களுக்கான வானிலை

கார்டிஃப்,
9 அக்டோபர் 1983

அன்புள்ள மெலிட்டா அக்காவுக்கு,

இங்கே நானும் க்வெண்டாவும் கடவுள் புண்ணியத்தில் இருக்கிறோம். அவளுடைய முழங்கால்கள் மட்டும் அந்தப் புண்ணியத்தில் சேரவில்லை. நீ எப்படி இருக்கிறாய்? இருமல் விட்டதா?

துறைமுகத்தில் எங்கள் பிரிவை மூடப் போகிறார்கள். வருஷக் கடைசியோடு எனக்கு ஓய்வு. க்வெண்டாவைப் பார்க்கும் டாக்டர், வெயில் உள்ள ஊரில் இருந்தால் மூட்டு வலி குறையும் என்கிறார். பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பயண அலுவலகத்தில் நம் கோஸோ தீவைப் பற்றி ஒரு வண்ணத் தாள் வைத்திருக்கிறார்கள். "ஆண்டு முழுவதும் இதமான வானிலை. குளிர்காலம் என்பதே இல்லை, வசந்தம்தான் இரண்டு முறை வருகிறது" என்று அதில் போட்டிருக்கிறது. க்வெண்டா அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள். ஜன்னலில் மழை, பக்கத்துச் சுவரில் நீலக் கடல்.

அக்கா, நாங்கள் நம் வீட்டுக்கே வந்துவிடலாம் என்று இருக்கிறோம். ஜனவரியில் வந்தால் உனக்குச் சௌகரியமா? கடலைப் பார்த்த மேலறை எங்களுக்குப் போதும். நீயும் இத்தனை வருஷம் தனியாக இருந்துவிட்டாய்.

பதில் போடு.

உன் தம்பி,
விஸ்டீன்


தர்ரீஹ், கோஸோ,
2 நவம்பர் 1983

அன்புள்ள தம்பி விஸ்டீனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உயிரோடு இருக்கிறேன். இருமல் என்னை விட்டுப் போகவில்லை, இந்த வீட்டில் அதற்கும் பங்கு இருக்கிறது போல.

அந்தத் தாளை எழுதினவன் மே மாதம் வந்து பத்து நாள் குளித்துவிட்டுப் போனவனாக இருப்பான். இதமாம்! வெளியே இதம்தான், வீட்டுக்குள் வந்து பார்க்கச் சொல். கோடை முழுக்க வெயிலைக் குடித்த இந்தக் கல் சுவர், முதல் மழை விழுந்ததும் ஈரத்தைக் குடிக்க ஆரம்பிக்கிறது. பிறகு அதை மே மாதம் வரைக்கும் நம் மேல் துப்பிக்கொண்டிருக்கிறது. போன வாரம் அலமாரியைத் திறந்தேன். என் நல்ல செருப்பின் மேல் பச்சைப் பூஞ்சை, பூனைக்குட்டி முதுகு மாதிரி மெத்தென்று. உப்பு கொட்டாது, தீக்குச்சி பற்றாது, காலையில் வாங்கின ரொட்டி சாயங்காலம் ரப்பர். படுக்கையில் படுத்தால் சற்று முன்னால்தான் வேறு யாரோ வியர்த்துவிட்டு எழுந்து போன மாதிரி இருக்கிறது. முதல் மழையோடு சாக்கடைக்குள் கோடையெல்லாம் தூங்கின கரப்பான் மொத்தமும் மேலே வந்துவிட்டது. ஒன்று என் காப்பிக் கோப்பைக்குள் நீந்தியது.

மேலறையைப் பற்றிப் பேசாதே. கடல் பக்கத்துச் சுவர் உரித்த வெங்காயம் போல அடுக்கடுக்காக உதிர்கிறது.

க்வெண்டாவின் மூட்டுக்கு இந்த ஊர் விஷம். அங்கே உங்களுக்குச் சுவருக்குள் வெந்நீர் ஓடுகிறது, அதைக் கட்டிக்கொண்டு இருங்கள்.

அவளுக்கு என் அன்பைச் சொல்.

அக்கா,
மெலிட்டா


கார்டிஃப்,
20 நவம்பர் 1983

அன்புள்ள அக்கா,

நாங்கள் சுகம். உன் கடிதத்தை க்வெண்டாவுக்குப் படித்துச் சொன்னேன். கரப்பான் நீந்தினது வரும்போது சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்துவிட்டது.

ஆனால் அக்கா, நீ எப்போதிருந்து இப்படி ஆனாய்? சின்ன வயதில் மழை வந்தால் கூரை மேல் ஏறி நின்று அம்மாவிடம் அடி வாங்கினவள் நீ. மூன்று முறை கோடையில் வந்து போனேன். அப்போதெல்லாம் கதவைத் திறந்து வைத்துக் காற்றைப் பற்றிப் பெருமை பேசினாய். சுவர் உதிர்ந்தால் பூசலாம். அதற்குத்தான் நான் வருகிறேனே.

போன ஞாயிறு நம் ஊர்க்காரர்கள் சங்கத்தில் ஜம்மாரியைப் பார்த்தேன், உனக்கு ஞாபகம் இருக்கும், வலை பின்னுகிறவர் மகன். கோடையில் ஊருக்குப் போய் வந்தானாம். "எங்க அக்காவைப் பாத்தியா?" என்று கேட்டேன். "உங்க அக்காவுக்கென்னடா, ராணி மாதிரி இருக்கா" என்றான். பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். ஏன் சிரிக்கிறாய் என்று நான் கேட்டதற்கு இருவரும் கால்பந்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். என்ன விஷயம்?

ஜனவரி முடியாவிட்டால் பிப்ரவரி. எழுது.

விஸ்டீன்


தர்ரீஹ்,
14 டிசம்பர் 1983

அன்புள்ள தம்பிக்கு,

உனக்கும் க்வெண்டாவுக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து. இது உங்களுக்கு வந்து சேருவதற்குள் பண்டிகையே முடிந்திருக்கும், ஏனென்றால் ஐந்து நாளாகப் படகு ஓடவில்லை. வடகிழக்குக் காற்று. தபால் மூட்டை துறையில் நனைந்துகொண்டு கிடக்கிறது.

கடற்புல் மொத்தமாகக் கரையில் ஒதுங்கி அழுகுகிறது. ஆள் உயரத்துக்குக் கறுப்பாக, கூழாக. ஊரே முட்டை அழுகின நாற்றம். சோறு தொண்டையில் இறங்கவில்லை. கதவைச் சாத்தினால் பூஞ்சை, திறந்தால் இது. உன் வண்ணத் தாளை நம்பி வந்த இங்கிலாந்துக் கிழவர் ஒருவர் அந்தக் குவியலுக்கு முன்னால் அரைக்கால் சட்டையோடு நிற்கிறார். கால் இரண்டும் கத்தரிக்காய் நிறம். இரண்டு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு போன என்னைப் பார்த்து, "என்ன அருமையான வெயில், அம்மா!" என்றார். வெயில் இருந்தது, அதை மறுக்கவில்லை. அது எதையும் காயவைக்காத வெயில். அவர் அடுத்த செவ்வாய் கிளம்பிவிடுவார், அதனால் அவருக்கு அது அருமை.

ஜம்மாரிக்குப் பிறந்ததிலிருந்தே வாய் கோணல். அவன் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதே.

பிப்ரவரி இங்கே எல்லாவற்றையும் விட மோசம். வராதீர்கள்.

மெலிட்டா


கார்டிஃப்,
8 ஜனவரி 1984

அன்புள்ள மெலிட்டா அக்காவுக்கு,

க்வெண்டா எழுதுகிறேன். விஸ்டீனுக்குத் தெரியாது, அவர் மீன் வாங்கப் போயிருக்கிறார். முப்பது வருஷமாக அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த உங்கள் மொழியில்தான் எழுதுகிறேன். பாதி கெட்ட வார்த்தையாக இருந்தால் அது அவர் தப்பு. உங்கள் உடம்பு சுகம்தானே?

அக்கா, நான் வேல்ஸ்காரி. எங்கள் ஊரில் மழை பெய்யாத நாளில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக் காட்டுவார்கள். எங்கள் பாட்டன் வீட்டுச் சுவரில் காளான் முளைத்து, அதைப் பறித்து வறுத்துத் தின்றிருக்கிறோம். ஈரத்தைச் சொல்லி என்னைப் பயமுறுத்த உங்களால் முடியாது.

நீங்கள் எழுதுவது எல்லாம் உண்மைதான் என்று தெரிகிறது. ஆனால் ஒருத்தி இவ்வளவு உண்மையை ஒரே நேரத்தில் சொன்னால், வேறு ஏதோ ஒன்றைச் சொல்லாமல் இருக்கிறாள் என்று அர்த்தம். நான் வருவது பிடிக்கவில்லை என்றால் சொல்லிவிடுங்கள், கோபப்பட மாட்டேன். வேறு காரணம் என்றால் அதையும் சொல்லுங்கள். என்னிடம் மட்டும் சொன்னால் போதும்.

அன்புடன்,
க்வெண்டா


தர்ரீஹ்,
19 பிப்ரவரி 1984

அன்புள்ள க்வெண்டா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. நாலு முறை எழுதி நாலு முறை அடுப்பில் போட்டேன். ஈரத்தாள், அது கூட ஒழுங்காக எரியவில்லை. உன் முழங்கால் எப்படி?

உன்னை எனக்குப் பிடிக்கும். அது காரணம் இல்லை.

இந்த வீட்டில் நான் தனியாக இல்லை. ஸ்பீரு என்று ஒருவர் இருக்கிறார். துறைக்கும் ஊருக்கும் நடுவில் பஸ் ஓட்டுகிறவர். அப்பா செத்த மறு வருஷம் எனக்கு நெஞ்சில் சளி கட்டி எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். வழக்கமாக ஏறுகிற பஸ்ஸில் என்னைக் காணவில்லை என்று அவர்தான் வந்து கதவைத் தட்டினார். தட்டிப் பார்த்து, பிறகு உடைத்தார். அந்தக் கதவைச் சரிசெய்ய வந்தார். பிறகு கூரை. பிறகு போகவில்லை, ஆறு வருஷம் ஆகிறது.

அவருக்குப் பெண்டாட்டி இருக்கிறாள். இருபது வருஷத்துக்கு முன்னால் வேறு ஒருவனோடு மெல்போர்னுக்குப் போய்விட்டாள், அங்கே பிள்ளைகள் இருக்கின்றன. ஆனால் இங்கே போட்ட கல்யாண முடிச்சு அவிழ்வதில்லை, சட்டமும் விடாது, கோயிலும் விடாது. எங்கள் இருவருக்கும் பூசையில் நன்மை அப்பம் கிடையாது, பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனமும் கிடையாது. ஊர்க் கோயிலுக்கு நான் போவதை நிறுத்திவிட்டேன். பக்கத்துப் பட்டணம் ரபாத்துக்குப் போய்ப் பெரிய கோயிலில் கடைசியில் நிற்கிறேன், அங்கே என்னை யாருக்கும் தெரியாது.

அவர் ஒன்றும் ராஜகுமாரன் இல்லை. பச்சை வெங்காயத்தைக் கடித்துத் தின்கிறார், குறட்டை விட்டால் பாத்திரம் ஆடுகிறது, சட்டையெல்லாம் டீசல். ஆனால் குளிர்காலம் முழுக்க படுக்கையில் என் பக்கத்தை முதலில் தான் படுத்துச் சூடாக்கிவிட்டு நகர்ந்துகொள்வார்.

விஸ்டீன் அப்பா மாதிரி. தினம் ஜெபமாலை சொல்கிறவன். அவனிடம் நீயே சொல். சாப்பிட்ட பிறகு சொல், பசியோடு இருந்தால் அவனுக்குக் காது கேட்காது.

மெலிட்டா


கார்டிஃப்,
4 மார்ச் 1984

மெலிட்டாவுக்கு,

க்வெண்டா சாப்பிட்ட பிறகுதான் சொன்னாள். சாப்பிட்டது தங்கவில்லை.

அப்பா கையால் கல் அடுக்கிக் கட்டின வீடு. அம்மா செத்த கட்டில் அங்கே கிடக்கிறது. அதில் எவளோ ஒருத்தியின் புருஷன் காலை நீட்டிப் படுத்திருக்கிறான். நினைத்தாலே குமட்டுகிறது. சங்கத்தில் அவர்கள் ஏன் சிரித்தார்கள் என்று இப்போது புரிகிறது. ஆறு வருஷமாக என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். நான் வந்தபோதெல்லாம் அவனை எங்கே ஒளித்து வைத்தாய்?

இந்த மாதக் கடைசியில் நான் மட்டும் வருகிறேன். க்வெண்டாவின் முழங்காலுக்கு அறுவை முடிவாகியிருக்கிறது, அவள் தங்கை வந்து பார்த்துக்கொள்வாள். நான் வரும்போது அந்த ஆள் வீட்டில் இருக்கக் கூடாது.

விஸ்டீன்


தர்ரீஹ்,
15 மார்ச் 1984

விஸ்டீன்,

சுகம் விசாரிக்கவில்லை நீ, நானும் விசாரிக்கவில்லை.

எங்கே ஒளித்து வைத்தேன் என்று கேட்டாய். தன் பஸ்ஸில் படுத்துக்கொண்டார். ஆகஸ்ட் மாதம், கொசுக்கடியில், நீ மேலறையில் கடல் காற்று வாங்கினபோது. அதை நினைத்தால் எனக்குத்தான் குமட்டுகிறது. அவர் மேல் இல்லை. உன் மேல் இல்லை. ஒளித்தேனே, அந்த என் மேல்.

அப்பா கடைசி இரண்டு வருஷம் படுக்கையில் இருந்தார். அந்த ஈரத்தில் அவர் முதுகில் புண் வந்து, அதைத் துடைத்தது நான். நீ ஆகஸ்டில் வந்தாய். ஆகஸ்டில் அவர் புண் காய்ந்திருந்தது. "அப்பா நல்லாத்தானே இருக்கார்" என்று சொல்லிவிட்டுப் போனாய். இது வந்து போகிறவர்களுக்கு ரொம்ப நல்ல ஊர், தம்பி. அந்தத் தாளில் எழுதினது பொய் இல்லை, உன்னைப் போன்றவர்களுக்காக எழுதினது.

வா. குளிரில் வா. அவர் எங்கேயும் போகமாட்டார்.

மெலிட்டா


தர்ரீஹ்,
10 ஏப்ரல் 1984

அன்புள்ள க்வெண்டா,

உன் முழங்கால் அறுவை நல்லபடி முடிந்தது என்று உன் தங்கை கொடுத்த தந்தி வந்தது. கால் ஊன்ற முடிகிறதா? அக்கா வீட்டில் நான் இருக்கிறேன். எப்படி இருக்கிறேன் என்று கேட்காதே. உள்ளாடை வரை பத்து நாளாக ஈரம்.

படகில் மூன்று முறை வாந்தி எடுத்தேன். துறையில் இறங்கினால் மழை தரையிலிருந்து மேலே அடிக்கிறது. ஒரே ஒரு பஸ் நின்றது. ஓட்டுகிறவர், பெருத்த ஆள், "தர்ரீஹுக்கா? ஏறுங்க. ஜன்னல் பக்கம் உக்காராதீங்க, ஒழுகுது" என்றார். வேறு யாரும் ஏறவில்லை. நான் அவர் பின்னால் உட்கார்ந்துகொண்டு வழி நெடுகத் திட்டினேன். மழையை, படகை, பயண அலுவலகத்தை.

"லீவுக்கு வந்தீங்களாண்ணே?" என்றார்.

"லீவா? எங்க வீட்டுக்குள்ள ஒருத்தன் பூந்துட்டான். கழுத்தைப் புடிச்சு வெளிய தள்ளணும், அதுக்கு வந்தேன்."

அவர் முன்கண்ணாடியைத் துணியால் துடைத்தார். பிறகு, "தள்ளுங்க. ஆனா இன்னிக்கு வேண்டாம், மழை விடட்டும்" என்றார்.

வீட்டு வாசலில் பஸ்ஸை நிறுத்தி என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் உள்ளே போனார். செருப்பைக் கழற்றி அதன் இடத்தில் வைத்தார். அடுப்பில் கெண்டியை ஏற்றினார். அக்கா என்னையும் அவரையும் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் அறிமுகம் ஆயிட்டீங்களா?" என்றாள். க்வெண்டா, அவர் பஸ் ஓட்டுகிறவர் என்பதை மட்டும் நீ ஏன் விழுங்கினாய்?

அவரோடு பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். காற்று விடவில்லை, படகு இல்லை, ரபாத்தில் தங்கும் விடுதிகள் மூடியிருந்தன. இரண்டு அறையில்தான் ஒழுகாது. பேசாமல் எத்தனை நாள் ஒரே மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றி உட்கார முடியும்? அந்தப் புகை, காயாத சாக்ஸின் நாற்றம், அவர் வெங்காயம். எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. தும்மினால் கையால் மூக்கைத் துடைக்கிறார். மேலறையில் என் படுக்கை நனைந்தபோது தன் படுக்கையைக் கொடுத்துவிட்டு நாற்காலியில் தூங்கினார். அதற்கு நன்றி சொல்ல வேண்டியிருந்ததே, அது இன்னும் எரிச்சல்.

நேற்று நடந்ததைத்தான் எழுத வந்தேன். நீங்கள் ஈஸ்டர் என்கிற பாஸ்காவுக்கு முந்தின தபசுகாலம் அல்லவா, பங்குச் சாமியார் டூன் நர்து வீடு வீடாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு வந்தார். காலையிலேயே அக்கா வாசற்படியை சோப்புப் போட்டுக் கழுவினாள். மேசையில் வெள்ளைத் துணி விரித்து மெழுகுவர்த்தி வைத்தாள், தட்டில் பாதாம் பிஸ்கட் வைத்தாள். ஸ்பீரு மெல்ல என்னிடம், "வருஷா வருஷம் வைப்பா. சாமி வரமாட்டாரு. ராத்திரி பிஸ்கட்டை நாங்கதான் தின்போம்" என்றார்.

சாமியார் பக்கத்து வீட்டிலிருந்து வெளியே வந்து, எங்கள் படியில் ஏறாமல் தாண்டிப் போனார். நான் போய் நின்றேன்.

"சாமி, இந்த வீடு விட்டுப்போச்சு."

சிரித்தார். நல்ல சிரிப்பு. "வெளிநாட்டுலேருந்து வந்திருக்கீங்களா? தப்பான மாசத்துல வந்துட்டீங்களே. ஆகஸ்ட்ல வாங்க, ரொம்ப நல்லாருக்கும்."

"நான் இந்த வீட்டுல பொறந்தவன், சாமி."

"அப்படியா, சந்தோஷம். காத்து பலமா இருக்கு, உள்ள போங்க, சளி புடிச்சுக்கும்."

அடுத்த வீட்டுக்குள் போனார். அது ஃப்ரான்சா வீடு. ஃப்ரான்சா போன மாதம்தான் பெண்டாட்டியின் கையை ஒடித்தான், அவள் கட்டோடு வந்து கதவைத் திறந்தாள். அந்த வீட்டுக்குத் தீர்த்தம் தாராளமாகத் தெளித்தார். தெருவரைக்கும் தெறித்தது.

நான் உள்ளே வந்தேன். அக்கா மேசைத் துணியை மடித்துக்கொண்டிருந்தாள், வருஷா வருஷம் மடிக்கிற மாதிரி. மெழுகுவர்த்தியை நான் ஊதி அணைத்தேன். பிஸ்கட்டை மூன்று பேரும் உட்கார்ந்து தின்றோம். ஈரத்தில் பிசுபிசுவென்று இருந்தது.

படகு ஓட ஆரம்பித்துவிட்டது. பாஸ்கா வரை இருந்துவிட்டு வருகிறேன்.

உன்
விஸ்டீன்


தர்ரீஹ்,
24 ஏப்ரல் 1984

அன்புள்ள க்வெண்டா,

பாஸ்கா வாழ்த்துகள். நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று கேட்டதில் சந்தோஷம். இங்கே நான் மூக்கு அடைத்துக்கொண்டு இருக்கிறேன், அதற்கு உன் புருஷன்தான் காரணம்.

பாஸ்கா அன்று காலை அப்பாவுடைய பழைய கழுத்துப்பட்டையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். "அக்கா, கோட்டைப் போடு" என்றான்.

"எதுக்குடா?"

"பூசைக்கு. நம்ம கோயிலுக்கு." பிறகு ஸ்பீருவைப் பார்த்து, "நீங்களுந்தான்" என்றான். வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

ஸ்பீரு, "எனக்கு வண்டி இருக்கு" என்றார்.

"பாஸ்கா அன்னிக்கு ஏதுய்யா வண்டி? மூக்கைத் தொடைச்சிட்டு வாங்க. கைக்குட்டையால."

தென்கிழக்குக் காற்று. வானம் பழுத்த புண் மாதிரி மஞ்சள். பாதி வழியில் மழை பிடித்தது, தண்ணீர் இல்லை, சேறு. ஆப்பிரிக்காவின் புழுதி மொத்தமும் சொட்டுச் சொட்டாக எங்கள் மேல். வெள்ளைச் சட்டை, பூப்போட்ட தொப்பி, எதையும் விடவில்லை. ஊரே செம்புள்ளி விழுந்த கோழிகள் மாதிரி கோயிலுக்குள் ஓடியது. நான் திரும்பிவிடலாம் என்றேன். அவன் என் முழங்கையைப் பிடித்து, நேராக இரண்டாவது பெஞ்சுக்குக் கூட்டிப்போனான். நடுவில் அவன், ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் ஸ்பீரு. பின்னால் பேச்சு நின்றது. எனக்குக் காது இரண்டும் கொதித்தது.

நன்மை கொடுக்க ஆரம்பித்தார்கள். எங்கள் பெஞ்சில் மற்றவர்கள் எல்லோரும் எழுந்து, எங்கள் முழங்கால்களைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். நானும் ஸ்பீருவும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தோம், எங்களுக்கு அது பழக்கம். ஆனால் உன் புருஷன் எழவில்லை. அவன் பிறந்ததிலிருந்து பாஸ்கா நன்மையைத் தவறவிட்டவன் இல்லை, உனக்குத் தெரியும். கிள்ளினேன். "போடா" என்றேன்.

"கால் மரத்துப்போச்சு" என்றான்.

டூன் நர்து நன்மைக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கம் பார்த்தார். விஸ்டீன் கையைக் கட்டிக்கொண்டு அவரைப் பார்த்தான். வரிசை தீரும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவன் மேலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஸ்பீரு மாடியேறிப் போய் அவன் வாசலில் ஒரு கோப்பை தேநீர் வைத்துவிட்டு இறங்கினார். பிற்பகலில் பார்த்தால் இருவரும் கூரை மேல் நின்று ஒழுகலை எப்படி அடைப்பது என்று தொண்டை கிழியச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஊருக்கே கேட்டது.

நீ செப்டம்பரில் வரலாம் என்று அவன் எழுதச் சொன்னான். வானிலைக்காக வருகிறாய் என்றால் வராதே. உன் மூட்டு இங்கே நிச்சயம் கெடும், அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். மற்றபடி உன் இஷ்டம், மேலறையைச் சுண்ணாம்பு அடித்து வைக்கிறேன்.

அந்தக் கோட்டு எனக்கு இருந்த ஒரே நல்ல கோட்டு. மூன்று முறை துவைத்துவிட்டேன். கறை போகவில்லை. தோளிலும் மார்பிலும், வாந்தி எடுத்த மாதிரி. எவ்வளவு அசிங்கம் தெரியுமா! ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு ஒன்றும் இல்லாததால், மறுபடியும் அதையேதான் மாட்டிக்கொண்டு போயாக வேண்டும். அதே பெஞ்சுக்கு.

அன்புடன்,
மெலிட்டா